பதினேழாம் நாள் பை

என் மாமா தன் வாழ்நாளில் எடுத்தது ஒரே ஒரு படம். முக்கால் மணி நேரம் ஓடும். எங்கள் பக்கத்து ஏரிகளை யார் வெட்டினார்கள், நவாபு காலத்தில் யார் தூர் வாரினார்கள், மதகுக்கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்றெல்லாம் சொல்லும் ஆவணப்படம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் போட்டார்களாம். எங்கள் தெருவில் மட்டும் பாதிப் படத்தில் கரண்ட் போய்விட்டதாம். நான் பிறப்பதற்கு வெகு முன்பே எடுத்து முடித்த படம் அது. ஆனால் எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் மாமா அந்தப் படத்தின் வேலையாகத்தான் இருந்தார்.

மாமா என்றால் அப்பாவின் அக்கா வீட்டுக்காரர். கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் அவர்கள் வீடு. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. பள்ளிக்கூடம் லீவு விட்ட மறுநாளே டவுனிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏற்றி என்னை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அம்மாவுக்கு நிம்மதி, எனக்குக் கொண்டாட்டம்.

அந்த வீட்டில் படத்துக்கென்று தனியாக ஓர் அறை இருந்தது. அறை என்றால் அலமாரி, மேசை என்று நினைத்துவிட வேண்டாம். நான்கு சுவரிலும் ஆணி, ஆணிக்கு ஒரு மஞ்சப்பை, அவ்வளவுதான். கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுப்பார்களே, அந்த மஞ்சப்பை. நாற்பத்தொரு நாள் படப்பிடிப்பு, நாளுக்கு ஒரு பை. தரையில் வைத்தால் கரையான், பரணில் வைத்தால் எலி. அதனால் அந்தரத்தில் தொங்கவிட்டிருந்தார். எந்தப் பை எந்த நாளுடையது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலில் எண் போட்டுத் தைத்துக் கொடுத்தவள் அத்தை.

பைக்குள் அன்றைய நாள் முழுவதும் இருக்கும். என்னென்ன ஷாட் எடுத்தார்கள் என்ற பட்டியல், பேசச் சம்மதித்த ஊர்ப் பெரியவர்களின் கைநாட்டு, அவர்கள் பேசிய கேசட், ஏரிக்குள் பொறுக்கிய பழைய பானை ஓட்டுச்சில். எல்லாவற்றுக்கும் மேலாக மாமாவின் நாள் குறிப்பு. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும், நமக்குச் சாதகமாக எழுதினால் அது வரலாறு இல்லை என்பது அவர் கொள்கை. மற்றவர்கள் கொள்கையை மேடையில் பேசுவார்கள். மாமா அதை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 'எட்டரை மணிக்கு கேமராமேனைத் திட்டினேன். தப்பு என்னுடையது. பத்து மணிக்கு மறுபடி திட்டினேன். அதுவும் என் தப்புதான்' என்று ஒரு தாளில் எழுதியிருந்ததை அவரே எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்.

எனக்குப் பிடித்தது படிப்பதல்ல, அந்த அறையில் மல்லாந்து படுத்துக்கொள்வது. மின்விசிறிக் காற்றில் நாற்பத்தொரு பையும் மெல்ல ஆடும். ஜன்னல் வழியாக மலை தெரியும். வெயில் பைகளின் மேல் விழுந்து அறை முழுவதும் மஞ்சளாகிவிடும். எனக்குக் கண் சொருகும். பைக்குள் ஏரிகள் இருப்பதாகவும், யாராவது ஒரு பையைக் கவிழ்த்தால் தண்ணீர் கொட்டி வீடு மிதந்துவிடும் என்றும் நினைத்துக்கொள்வேன். எது நினைப்பு, எது கனவு என்று அப்போது நான் பிரித்துப் பார்த்ததில்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது சென்னையிலிருந்து ஒரு நூலகத்தின் கடிதம் வந்தது. மாமாவுக்கு அதற்கு முந்தைய மழையில்தான் நெஞ்சு வலி வந்து போயிருந்தது. அதே மழையில் அறையின் கூரையும் ஒழுகி நாலைந்து பை நனைந்திருந்தது. தனக்குப் பிறகு இவற்றை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அவருடைய ஒரே கவலை. எத்தனையோ இடங்களுக்கு எழுதிப் போட்டு, கடைசியில் இவர்கள்தான் சரி என்றார்கள். கடிதத்தை அவர் அத்தைக்குப் படித்துக் காட்டியபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"எல்லாத்தையும் கொண்டுபோய் நல்லா வச்சிப்பாங்களாம். யார் வந்து கேட்டாலும் படிக்கக் குடுப்பாங்களாம்."

"யாரு வேணா படிக்கலாமா?" என்றாள் அத்தை.

"அதுக்குத்தானே குடுக்கறது?"

"எல்லாத்தையுமா குடுக்கப்போறீங்க?"

"ஒரு தாள் கம்மியானாகூட அர்த்தமில்ல. முழுசா இருந்தாதான் அது ஆவணம்."

அத்தை காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நூலகத்துக்காரர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் பௌர்ணமி. பௌர்ணமி என்றால் அந்த வீடு எங்களுடையதாக இருக்காது. காலையிலிருந்தே கூட்டம் பாதையில் செருப்பில்லாத காலோடு போய்க்கொண்டே இருக்கும். களைத்தவர்கள் கூடத்தில் வந்து உட்காருவார்கள், மோர் குடிப்பார்கள், கால் நீட்டுவார்கள், போவார்கள். யார் எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. படத்து அறையை மட்டும் மாமா அன்று பூட்டிவிடுவார். காரணம் எளிது. கிரிவலம் வருகிறவர்களில் பாதிப் பேர் கையிலும் மஞ்சப்பைதான்.

அன்று மாமா பெட்டி கட்டக் கயிறும் பாச்சை உருண்டையும் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் பெண்கள் வந்தார்கள். அதில் ஒரு வயதான அம்மாவுக்குத் தலை சுற்றியது. கூடத்தில் இடமில்லை. அத்தை அறையைத் திறந்து, மின்விசிறிக்குக் கீழே அந்த அம்மாவைப் படுக்கவைத்தாள்.

"நீ இங்கயே உக்காந்துக்கோடி. மேல யாரும் கை வைக்காம பாத்துக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டு மோர் கரைக்கப் போனாள்.

நானும் வீரமாகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்தால் எனக்கு என்ன ஆகும் என்று முன்பே சொல்லிவிட்டேன். வெளியே அரோகரா சத்தம் அலை அலையாக வந்து போயிற்று. பைகள் ஆணியிலிருந்து இறங்கி, செருப்பில்லாமல், வரிசையாகக் கிரிவலம் கிளம்பின. நடுவில் எங்கேயோ கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது. ஒரு கை மேலே எட்டி ஏதோ ஒரு பையை இறக்கியது. "பஸ்ஸுக்கு நேரமாச்சே, கெளம்புங்கம்மா" என்று யாரோ சொன்னார்கள். அது அத்தையின் குரல் போலவும் இருந்தது. எனக்கு எழுந்திருக்க மனமில்லை.

விழித்தபோது அறையில் யாரும் இல்லை. அத்தை விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். மாமா வந்து, அறை திறந்திருப்பதைப் பார்த்ததும் கயிற்றைக்கூடக் கீழே வைக்காமல் எண்ண ஆரம்பித்தார். நாற்பத்தொரு பை இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் ஒரு ஆணிக்கு முன்னால் நின்றுவிட்டார். அங்கே தொங்கிய பையில் எண் இல்லை. உள்ளே ஒரு ஈரச் சேலை, சீப்பு, இரண்டு வாழைப்பழம், விபூதிப் பொட்டலம். அது பதினேழாம் நாளின் ஆணி.

"இங்க யாரு இருந்தது?" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

நான் அழ ஆரம்பித்தேன். என் தூக்கத்தால் வரலாறே பாழாகிவிட்டது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு தாள் குறைந்தாலும் அர்த்தமில்லை என்று அவர் சொன்னது காதில் இருந்தது. நூலகத்துக்காரர்கள் வெறும் பெட்டியோடு திரும்பிப் போவார்கள், மாமாவுக்கு மறுபடி நெஞ்சு வலி வரும், எல்லாம் என்னால்.

அத்தை வாசலில் வந்து நின்றாள்.

"அவள இன்னாத்துக்கு கேக்கறீங்க? நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

மாமா திரும்பி அவளைப் பார்த்தார். "எது, பதினேழா?"

"பதினேழுதான்."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. பேனா மூடி காணாமல் போனால் இரண்டு நாள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டுகிற மனிதர் அவர். இப்போது பஸ் ஸ்டாண்டுக்கு ஓடவில்லை, பக்கத்துக் கடைகளில் விசாரிக்கவில்லை. நானே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேடிப் பாக்கலாமா மாமா?" என்று கேட்டேன்.

"வேணாம்மா" என்றார்.

பிறகு ஒரு புதுமை நடந்தது. சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர், உள்ளே போய் அத்தைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவள் முறத்தில் மல்லாட்டை, வேர்க்கடலைதான், உரித்துக்கொண்டிருந்தாள். அவரும் ஒரு கை அள்ளி உரிக்க ஆரம்பித்தார். முறம் நிறையும் வரை இரண்டு பேரும் உரித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு தடவை மட்டும் அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மல்லாட்டைத் தூசு என்று நான் நினைத்தேன்.

இரவு படுக்கையில் நான் துப்பறிந்தேன். ஒவ்வொரு எண்ணும் அத்தை தன் கையால் தைத்தது. உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக இருக்கும். அவளா பையை மாற்றிக் கொடுப்பாள்? முடியவே முடியாது. ஆகவே அவள் சொன்னது பொய். எனக்கு அடி விழாமல் இருக்க, பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். அத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினேன்.

நூலகத்திலிருந்து வந்த அக்கா வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு பையாக இறக்கி, பட்டியலில் எழுதினார். பதினேழுக்கு வந்ததும், "தொலைஞ்சுபோச்சுன்னு போட்டுடட்டுமா சார்?" என்று கேட்டார்.

"வேணாம்மா. இல்லன்னு மட்டும் போடுங்க" என்றார் மாமா.

நாற்பது பையும் போயின. வெறும் ஆணிகளோடு அந்த அறை வெகு பெரிதாகத் தெரிந்தது.

மாமா போய், அத்தையும் போய், போன வருஷம்தான் அந்த நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். பைகளை அட்டைப் பெட்டிகளில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் எடுத்து வந்து தருகிறார்கள். பதினாறைப் பார்த்தேன். பிறகு பதினெட்டைக் கேட்டேன். அதில் கேசட் இல்லை, ஷாட் பட்டியல் இல்லை. ஒரே ஒரு தாள். மாமாவின் நிதானமான கையெழுத்து.

'இன்று படப்பிடிப்பு இல்லை. காலையில் குழந்தையை அடக்கம் செய்தோம். ஆண் குழந்தை. நேற்றுக் காலை பிறந்தது. மூச்சுத் திணறல், உடனே வரவும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே ஆள் வந்துவிட்டது. ஏரி வற்றி மதகுக்கல் தெரிந்தது. மழை வந்தால் மூழ்கிவிடும் என்று ஐந்து மணி வரை நின்று எடுத்தேன். நான் போனபோது குழந்தை இல்லை. விவரம் பதினேழில்.'

பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை அவர் என்னென்ன எடுத்தார் என்று மணிவாரியாக எழுதிய தாள்கள் விழுப்புரம் பக்கத்தில் யாரோ ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போய்விட்டன. சேலையைத் தேடிப் பையைத் திறந்தவர் என்ன நினைத்தாரோ. அதை ஊரார் யாரும் படிக்கக் கூடாது என்று அத்தை மாமாவைக் காப்பாற்றினாளா, அல்லது இத்தனை வருஷமும் மன்னிக்க முடியாமல் தலைக்கு மேல் தொங்கியதை ஒரு வழியாக வீட்டை விட்டுத் துரத்தினாளா, எனக்குத் தெரியாது. ஆனால் பதினெட்டை அவள் தொடவில்லை. அப்படி ஒரு பிள்ளை பிறந்தான் என்பதற்கு உலகத்தில் வேறு காகிதம் இருந்ததாகத் தெரியவில்லை.

தவறிப்போய்க் கொடுத்துவிட்டேன் என்று அத்தை அன்று சொல்லவே இல்லை. எடுத்துக் கொடுத்தேன் என்றுதான் சொன்னாள். மாமாவுக்கு அது அந்த நிமிஷமே புரிந்திருக்கிறது. ஒன்பது வயதுத் துப்பறியும் சிங்கத்துக்குத்தான் புரியவில்லை. எனக்காகப் பொய் சொன்னாளே என்ற நன்றியில், அந்த லீவு முடியும் வரை அவள் சொன்ன வேலையையெல்லாம் தட்டாமல் செய்தேன்.