கண்ணாடித் துண்டில் என் கட்டி

எனக்கு அப்போது இருபது வயது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். என் கழுத்துக் கட்டியை அறுத்து எடுத்திருந்தார்கள். அது புற்றா இல்லையா என்று எழுதிய தாளை வாங்கிவர, ஆஸ்பத்திரிப் பரிசோதனை அறைக்கு என்னை அனுப்பினார்கள்.

அங்கே விபூதி பூசிய ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் மைக்ராஸ்கோப்பில் இடது கண்ணை வைத்திருந்தார். வலது கண்ணையும் மூடவில்லை. கை பென்சிலால் ஏதோ வரைந்தது. அந்தக் கண் என்னைத்தான் பார்க்கிறதென்று முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டேன்.

"இந்தக் கண் உம்மைப் பாக்கேல்லை பிள்ளை. கீறுற தாளைப் பாக்குது" என்றார், தலை நிமிராமலே.

"நான் பொழைப்பேனாங்கய்யா?"

நான் நீட்டிய சீட்டின் நம்பரைப் பார்த்து, அதே நம்பர் ஒட்டிய கண்ணாடித் துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு, அவர் எழுந்து இடம் விட்டார். "இது உம்மட கட்டிதான். பாரும்."

ஊதாப் புள்ளிகள் வட்டம் வட்டமாகக் கைகோத்து நின்றன.

"புற்றுதான். ஆனா நல்ல செல் மாதிரியே இன்னும் வட்டம் கட்டி நிக்குது. அந்த வட்டத்தை மறந்து கண்டபடி நிண்டாத்தான் பொல்லாதது. இது மெல்லத்தான் வளரும், அதுக்குள்ள எடுத்தாச்சு. நான் சொன்னனெண்டு டாக்டரிட்டச் சொல்லிப்போடாதையும்."

தாளைத் தந்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

எனக்கு இப்போது எழுபதும் தாண்டிவிட்டது. கூச்சத்தில் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. என் கழுத்துக்குள் இருந்ததை அவ்வளவு உற்றுப் பார்த்தவர், என் முகத்தை ஒரு தடவையாவது பார்த்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.