கடைசிப் பத்தியிலிருந்து படித்தவர்

நாகர்கோவிலிலிருந்து வந்த இன்லேண்டு கடிதத்தை வழக்கம்போலக் கடைசி வரியிலிருந்துதான் படித்தேன். 'நேற்று மாலை அடக்கம் முடிந்தது' என்றிருந்தது. யாருக்கு என்று மேலே தேடிப் போக வேண்டியிருந்தது. எஸ்தர் அக்காவுக்கு.

தில்லி முனிர்காவில் எருமைக் கொட்டிலுக்கு மேலிருந்த எங்கள் ஒற்றை அறை அலுவலகத்துக்கு வந்துபோன உங்களுக்கு, இது யாருடைய பழக்கம் என்று தெரியும். நிதி தருகிறோம் என்று எங்கிருந்து கடிதம் வந்தாலும் அக்கா கீழிருந்துதான் தொடங்குவார். "மேல உள்ளதெல்லாம் மாலை மரியாதை. கைய உதறுறது கடைசிப் பத்தியிலதான், கேட்டியா" என்பார். டீக்கடைக்காரர் ஒருநாள் கூடுதலாகப் பால் விட்டபோது, "என்ன பையா, விலையக் கூட்டப் போறியா?" என்று தன் உடைந்த இந்தியில் கேட்டார். மறுநாள் கூடியது.

ஒரிசா மலைப்பக்கத்து ஆதிவாசி கிராமம் ஒன்றுக்காக நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். தங்கள் காட்டை அவர்களே காத்தார்கள். கூலி கிடையாது, இரண்டு கம்புகள் இருந்தன. காலையில் எந்த இரண்டு வாசல்களில் கம்பு சாய்ந்திருக்கிறதோ, அந்த வீட்டார் அன்று காட்டுக்குப் போவார்கள். மாலையில் திரும்பி, அடுத்த வீட்டு வாசலில் சாய்த்துவிடுவார்கள்.

வெளிநாட்டு அமைப்பு ஒன்று நான்கு காவலர்களுக்குச் சம்பளம் தருவதாக எழுதியது. கிராமத்தின் சம்மதம் மட்டும் போதும். நான் மகிழ்ந்தேன். அக்கா கடைசிப் பத்தியில் விரலை வைத்தார்.

"ரெண்டாம் வருஷச் சம்பளம் அவங்க நிதி நிலைமையப் பொறுத்துன்னு இருக்கு. நிலைமை சரியில்லன்னா காட்டுக்கு யாரு போவா?"

"அத அப்பப் பாத்துக்கலாம்க்கா."

"மரம் வெட்டுறவன் அதுவரைக்கும் சும்மா இருப்பானா?"

மறுநாள், "ஊருக்குப் போறேன்" என்று விடுப்பு எடுத்தார். கோப்பில் அந்தக் கடிதம் இல்லை. அந்த மாதம் மரக் கான்ட்ராக்டர் ஒருவர் இருமுறை வந்து, மாடிப்படியில் நின்று அக்காவிடம் தணிந்த குரலில் பேசியதைப் பார்த்திருந்தேன். இரண்டையும் சேர்த்தேன். அக்காவை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன். கிராமத்தார் சம்மதிக்கிறார்கள் என்று நானே தட்டச்சு செய்து, கரோல் பாக் தபால் நிலையத்தில் சேர்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் அக்கா வந்தார். செருப்பில் செம்மண். அந்தக் கடிதத்தோடு அவர் போனது நாகர்கோவிலுக்கு அல்ல, அந்தக் கிராமத்துக்கு. இரண்டு நாள் கூடிப் பேசி, அவர்கள் சம்பளம் வேண்டாம் என்றுவிட்டார்கள். மழைக்கு ஒதுங்க மலைமேல் ஒரு குடிசை போதுமாம். நான் செய்ததைச் சொன்னேன். கான்ட்ராக்டரைப் பற்றியும் கேட்டேன்.

"எந்தப் பக்கம் வெட்டப் போறான்னு தெரியணும்லா? அதான் பேச விட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நான் உன்னையும் நம்பல்லியே பிள்ளே. நீ என்னைச் சந்தேகப்பட்டது தப்பில்ல. பணம் தர்றவங்கள விட்டுட்டு என்னை மட்டும் சந்தேகப்பட்டே பாரு, அதான் தப்பு."

மறுப்புக் கடிதம் போவதற்குள், அந்த அமைப்பின் ஆள் கிராமத்துக்குப் போய் நான்கு இளைஞர்களை நியமித்துவிட்டார். கம்புகள் கூரையில் செருகப்பட்டன. இரண்டாம் ஆண்டு நிதி வரவில்லை. காவலர்கள் காக்கியைக் கழற்றினார்கள். சம்பளத்துக்குச் செய்த வேலையைச் சும்மா செய்ய யாரும் முதலில் கிளம்பவில்லை. ஏழு மாதத்தில் கிழக்குச் சரிவு மொட்டையானது. அது என் கையெழுத்தால் போன சரிவு.

அக்கா அங்கே போய்த் தங்கினார். ஒருநாள் அவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. 'இன்னைக்கு ரெண்டு வாசல்ல கம்பு இருந்தது. யார் வச்சதுன்னு யாரும் சொல்லல்ல. என்கிட்டயும் சொல்லல்ல. நம்மள நம்பாம இருக்கிறது அவங்களுக்கு நல்லதுதான்.'

போன வாரம் வேறோர் அமைப்பிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. கடைசிப் பத்தியைப் படித்துவிட்டேன். பதில் எழுதவில்லை. கடிதம் என் பையில் இருக்கிறது; வியாழக்கிழமை ரயிலில் அந்தக் கிராமத்துக்குப் போகிறேன். அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதைத்தான் எழுதுவேன். இந்தப் பழக்கங்கள் அக்காவிடமிருந்து எனக்கு வந்தவை.

எங்கே போகிறேன் என்பதை மட்டும் அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். சொல்லாமல் போவது என்ற அந்த ஒன்றை அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொள்ளவில்லை.