திரைக்கு இந்தப் பக்கம் ஊதியவர்

சேலைக்கு ஃபால் தைப்பதில் கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை, வாய்க்கு இல்லை. என்னைப் போல் கூச்சப்படுகிறவளுக்கு ஏற்ற தொழில். இப்போதும் மடியில் சேலை கிடக்கிறது. நாலு தையல் போட்டுவிட்டு இரண்டு வரி எழுதுகிறேன். மும்பைக்குச் சில மணி நேரத் தொலைவில், போபோடியில் ஒரே அறை வீடு. எதிரே உட்கார்ந்து என் வீட்டுக்காரர் ட்ராம்போன் என்ற நீளமான பித்தளைக் குழலை ஊதுவார். கல்யாண ஊர்வல பேண்டில் இருந்தவர். மேற்கத்திய இசை வாசிக்கும் மும்பை ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் ஒரே ஒரு இடம் காலி என்று கேள்விப்பட்டு, அந்தத் தேர்வுக்காக பேண்டை விட்டுவிட்டார். "போனா திரும்பி வராதே" என்று பேண்ட் முதலாளி சொல்லிவிட்டார். வீட்டில் ஊதுகிறவரை வைத்திருக்கும் அக்கா தங்கைகளே, என் பயம் உங்களுக்குத் தெரியும்.

துண்டு துண்டாக

தேர்வில் முழுப் பாட்டு கேட்கமாட்டார்களாம். பெரிய பாட்டுகளிலிருந்து கஷ்டமான துண்டுகளை மட்டும் வெட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரே துண்டைக் காலையிலிருந்து ஊதுவார். சூடு பிடிக்கிற இடத்தில் நிறுத்திவிடுவார். சேலை கொடுக்க வந்த பக்கத்துச் சந்து செல்வி அக்கா என் காதருகே குனிந்தார்: "ஏண்டி, மீதிப் பாட்டு உன் புருஷனுக்குத் தெரியாதா, இல்ல மறைக்கிறாரா?"

சும்மா இருக்கும் பாடம்

ஆர்கெஸ்ட்ராவில் ட்ராம்போன்காரர் ஊதுவதைவிடக் காத்திருப்பதுதான் அதிகமாம். ஊர்வலத்தில் சத்தம் ஒரு நொடி நின்றாலும் மாப்பிள்ளைத் தோழர்கள் கத்துவார்கள். அதனால் இவருக்குச் சும்மா இருக்க வராது; இடைவெளியிலும் எதையாவது ஊதி நிரப்பிவிடுவார். அந்தப் பழக்கம் போக, குழலை மடியில் வைத்துச் சுவரைப் பார்த்தபடி உதட்டுக்குள் தாளம் எண்ணுவார். இதற்கா சம்பளம் கொடுப்பார்கள் என்று எனக்கே சந்தேகம். வாசலில் நின்று பார்த்த, வீட்டுச் சொந்தக்கார மராட்டி அம்மா என்னிடம் ரகசியமாக இந்தியில் கேட்டார்: "மகளே, டாக்டர்கிட்ட காட்டினியா?"

கறுப்புத் திரை

தேர்வன்று மகளையும் தூக்கிக்கொண்டு நானும் மும்பைக்குப் போனேன். மேடையில் கறுப்புத் திரை. கேட்கிறவர்கள் அந்தப் பக்கம், ஊதுகிறவர் இந்தப் பக்கம். பெயர் கிடையாது, நம்பர்தான். வாயே திறக்கக்கூடாது. ஆள் யாரென்று தெரிந்து சலுகை காட்டாமல் இருக்கத்தான் என்றார் இவர். நான் நம்பவில்லை. வேண்டிய ஆளை முன்பே எடுத்துவிட்டு, நம் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுத் திரை போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

வெளியே பெஞ்சில் இருந்து கேட்டேன். மெதுவாக ஊதவேண்டிய துண்டு. நடுவில் நீளமான இடைவெளி. ஊதித் தொலைத்துவிடுவாரோ என்று நானும் உதட்டுக்குள் எண்ணினேன். ஊதவில்லை. காத்திருந்து, சரியான இடத்தில் எடுத்தார்.

சாயங்காலம் கூப்பிட்டது இவர் நம்பரைத்தான். தேர்வு வைத்தவர்களில் ஒருவர், முன்பு எங்கே வாசித்தீர்கள் என்று கேட்டார். கல்யாண ஊர்வலத்தில் என்றார் இவர். அவர் இவரை மேலும் கீழும் பார்த்தார்: "பொய் சொல்லாதீங்க, இவ்வளவு மெதுவா ஊதினா மாப்பிள்ளையோட குதிரை நகருமா?"

இப்போது தெருவே என் வீட்டுக்காரரை நம்புகிறது. ஒத்திகை முடிந்தும் வீட்டுக்கு வராமல் அந்த மும்பையில் இவருக்கு அப்படி என்ன வேலை என்று நான் மட்டும்தான் இன்னும்... இதோ, மகள் குளிக்கிற இடத்திலிருந்து கூப்பிடுகிறாள், கண்ணில் சோப்பு