அம்மா கட்டிய உருளை

எனக்குப் பதினொரு வயது நடந்தபோது, நாங்கள் கடல் தாண்டி வந்து குடியேறிய வென்ட்வொர்த்வில் புறநகர் வீட்டில் எங்கள் கார் மூன்று மாதம் வெயிலில் நின்றது. கராஜுக்குள் அம்மா இயந்திரம் கட்டிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. கூட வேலை பார்த்த பெண்மணி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் துப்பாக்கி சுடும் கிளப்புக்குக் கூட்டிப்போனார். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கழுவி வெடிமருந்தும் புதுக் குண்டும் போட்டால் மறுபடி சுடலாம். கழுவுவதுதான் அங்கே யாருக்கும் பிடிக்காத வேலை. கிளப்பில் சேர்ந்த இரண்டாவது மாதமே எல்லாருடைய கூடுகளையும் தானே கழுவித் தருவதாக ஒப்புக்கொண்டு, கறுத்த கூடுகள் நிறைந்த நான்கு வாளிகளோடு அம்மா வீடு வந்தார்.

"இதுக்குக் கடையில மெஷின் விக்குது. நானே வாங்கித் தர்றேன்," என்றார் அப்பா.

"அது டிபன் டப்பா அளவுதானுங்க இருக்குது. இத்தனையும் போட்டு எடுக்க வருசம் ஆயிரும்."

வேண்டாத பெரிய சாமான்களை நகர கவுன்சில் எடுத்துப்போகும் வாரத்தில், தெருவோரம் கிடந்த வாஷிங் மெஷினிலிருந்து மோட்டார் வந்தது. நீல பிளாஸ்டிக் பீப்பாய் எங்கிருந்தோ வந்தது. பீப்பாயைத் தாங்கி உருட்டச் சின்னச் சக்கரங்கள் வேண்டியிருந்தன. என் ரோலர் ஸ்கேட்ஸ் காணாமல் போயிற்று. அழுதேன்.

"நீ அதைப் போட்டே ஒரு வருசம் ஆச்சு கண்ணு," என்றார் அம்மா, ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்காமல். உண்மைதான். அதனாலேயே கோபம் கூடியது.

கூடுகளோடு தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, கொஞ்சம் எலுமிச்சை உப்பு, அழுக்கைச் சுரண்ட ஊசி போன்ற எஃகுத் துணுக்குகள் எல்லாம் உள்ளே போயின. பீப்பாய் சுற்றிய வேகத்தில் கூடுகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. அம்மா பெல்ட் இழுக்கும் சக்கரத்தைப் பெரிதாக மாற்றி வேகத்தைக் குறைத்தார். இப்போது அவை அடியிலேயே வழுக்கிக்கொண்டு கிடந்தன. உட்புறம் நீளவாக்கில் பட்டைகள் வைத்து ஓடவிட்டார். அந்த முறை மூடி கழன்றது. கராஜில் உலர்ந்துகொண்டிருந்த அப்பாவின் ஆபீஸ் சட்டைகள் ஐந்திலும் கறுப்புத் தண்ணீர்.

அப்பா கத்தவில்லை. சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"உனக்கு என்னதான் வேணும்?"

அம்மா மூடியின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். "வாஷர் மெலிசாப் போச்சுங்க," என்றார் கடைசியில். அதற்குப் பிறகு அப்பா கராஜ் பக்கமே வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அது ஒழுங்காகச் சுற்றியது. வீட்டுக்குள்ளிருந்து கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அம்மா கையுறை போட்டுக்கொண்டு, எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லும் பழக்கத்தில் யாருமில்லாத கராஜைப் பார்த்து "தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, கூடுகளைச் சல்லடையில் கொட்டினார். புதுக் குத்துவிளக்கு நிறம். அன்று மதியம் முழுக்க ஒரு பெரிய தாளோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, ஒரு நிமிசம் வந்துட்டுப் போங்க."

ஹாலில் டிவி சத்தம்தான் கூடியது. சற்றுப் பொறுத்து அம்மா என்னைக் கூப்பிட்டார். தோழியின் பிறந்தநாளுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நான் ஒரு காலில் செருப்போடு போய் நின்றேன்.

தாளில் பீப்பாய், மோட்டார், சக்கரங்கள் என்று எல்லாம் பென்சிலில், அளவுகளோடு. வலது மூலையில் ஒரு சின்னக் கட்டம். வரைந்தவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர். சரிபார்த்தவர் என்ற இடம் காலி.

"இதுல உன் பேரை எழுது கண்ணு."

"நான் எதையும் செக் பண்ணலையே."

"யாராச்சும் போட்டாத்தான் படம் முடியும்."

கோணலாக எழுதி, பக்கத்தில் ஒரு பூனை முகமும் போட்டுவிட்டு ஓடினேன்.

கோயம்புத்தூரில் பம்ப் செட் கம்பெனியில் அம்மா டிசைன் எஞ்சினியராக இருந்தவர் என்பது எனக்குத் தெரிந்த செய்திதான். இந்த நாட்டுக்கு வந்த ஒன்பது வருடத்தில் அவர் வரைந்த முதல் படம் அது என்பதோ, அந்த இடத்தில் கையெழுத்துக் கேட்கத்தான் அப்பாவைக் கூப்பிட்டார் என்பதோ அன்று எனக்குத் தெரியவில்லை.