எட்டு வெள்ளைக் கோடுகள்

பட்டறைக்கு வருகிறவர்களுக்கு அவர் பெயர் வெள்ளைக்கோடு. எந்த போல்ட்டை இறுக்கினாலும் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு சின்னக் கோடு இழுத்துவிடுவார். போல்ட் மயிரிழை நகர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். "விட்டா என் தலையிலயும் ஒரு கோடு போட்டுடுவாரு" என்று கேலி பேசுவான், கூட வேலை செய்யும் அவர் மனைவியின் தம்பி.

அந்தக் கோட்டுக்குக் காரணம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் வேறொருவர் பட்டறையில் கூலிக்கு இருந்தபோது, ஒரு காரின் ஃப்ளைவீல், எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த இரும்புச் சக்கரம், ஓட்டத்திலேயே கழன்று, உறையை உடைத்துக்கொண்டு ஓட்டுநரின் காலடிக்கு வந்துவிட்டது. மனிதருக்கு இடது பாதம் போயிற்று. போல்ட்டை இறுக்கியது யார் என்று முதலாளி கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. இறுக்கியவர் இவர்தான். பாதி வேலையில் யாரோ கூப்பிட, எழுந்து போய்த் திரும்பியவர், முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

அன்றைக்கு வந்தது ஒரு வாடகைக் கார். ஓட்டுகிற பெண், கிளட்ச் வழுக்குகிறது என்று காலையிலேயே விட்டுப்போனாள். மச்சினன் கியர் ஆயில் வாங்கப் போன நேரத்தில் இவர் தனியாகவே புது ஃப்ளைவீலை மாட்டி, அதன் முகப்பைத் துடைத்து, கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட்டையும் போட்டு, ஃப்ளைவீல் போல்ட்டுகள் வெளியே தெரியாதபடி மூடிவிட்டார். அவன் வந்ததும் இருவருமாகக் கியர்பாக்ஸை ஜாக்கியில் ஏற்றிப் பொருத்தினார்கள். அதன் கடைசி போல்ட்டுக்குக் கோடு போடும்போது அவர் கை நின்றது.

ஃப்ளைவீல் போல்ட்டுகளுக்குக் கோடு போட்டோமா? இறுக்கினோமா? ஃப்ளைவீலைத் தூக்கி வைத்தது நினைவிருக்கிறது. முகப்பைத் துடைத்தது நினைவிருக்கிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. போன வாரம் கையில் பிடித்திருந்த ஸ்பேனரையே தேடினார்; அதற்குச் சிரித்தார்கள். முந்தாநாள் மனைவியிடம் ஒரே சேதியை இரண்டு முறை சொன்னார், அவள் சிரிக்கவில்லை.

"இறக்கு மாப்ள."

"எதை மாமா?"

"கியர்பாக்ஸை."

"வெளையாடாதீங்க. இப்பதானே முதுகு ஒடிய ஏத்தினோம்! சாயங்காலம் அந்தக்கா வந்து நிப்பாங்க."

"ஃப்ளைவீலை இறுக்கினேனான்னு தெரியல."

"நீங்களாவது இறுக்காம விடுறதாவது!"

அவர் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

கியர்பாக்ஸ் இறங்கியது. பிரஷர் பிளேட்டைக் கழற்றும்போது, ஒரு போல்ட்டாவது தளர்ந்திருக்க வேண்டும் என்று அவர் மனம் கிடந்து தவித்தது. செய்யாமல் விட்டிருந்தால் அது வேலையில் வந்த பிழை, திருத்திக்கொள்ளலாம்.

எட்டு போல்ட். எட்டு வெள்ளைக் கோடு. இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச்சைப் போட்டுப் பார்த்தார். எட்டும் சரியான இறுக்கத்தில் 'டிக்' என்றன.

"பாத்தீங்களா? கல்லு மாதிரி இருக்கு! சும்மா இருந்த என்னை வேலை வாங்கினதுதான் மிச்சம்."

அவர் காலி டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்தார். "போட்டது ஞாபகமே இல்லடா."

மச்சினன் சிரிப்பை நிறுத்தினான். அவனை அவர் ஒருநாளும் டா போட்டதில்லை. இத்தனை வருடமாகத் தன் கையைத்தான் அவர் சந்தேகப்பட்டுவந்தார். கை ஒரு குறையும் வைக்கவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. முப்பது வருடத்துக்கு முன் வாயை மூடிக்கொண்டதை அன்றுதான் அவனிடம் சொன்னார், அந்த இடது பாதம் உட்பட.

எல்லாவற்றையும் மச்சினன் திரும்ப மாட்டினான். கோடும் அவனே போட்டான். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எண்ணினார்.

சாயங்காலம் அந்தப் பெண் வந்து பெடலை அமுக்கிப் பார்த்தாள். "வெண்ணெய் மாதிரி இறங்குது. நீங்க கை வெச்சா எனக்குக் கவலையே இல்லண்ணே."

"இனிமே இவன்தாம்மா கை வெப்பான்" என்று பெயிண்ட் புட்டியை மச்சினன் சட்டைப்பையில் போட்டார்.

பட்டறையைப் பூட்டும்போது அவன் மெதுவாகக் கேட்டான். "அக்காகிட்ட நான் சொல்லட்டுமா மாமா?"

"வேணாம், நானே சொல்றேன். வீடு போறதுக்குள்ள மறந்துட்டேன்னா, நீ ஞாபகப்படுத்து."