பெருப்பித்த எழுத்து

எனக்கு என் வேலையில் திமிர் இருந்தது. கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் அத்தானின் நெட் கடையைப் பார்த்துக்கொள்வேன். சண்டை உச்சத்தில் இருந்த காலம். வெளிநாட்டுக்கு டெலிபோனில் கதைக்க வருகிற சனத்தால் கடை எந்நேரமும் நிறைந்திருக்கும்.

அங்கேதான் அவர் வந்தார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, கண்ணைக் கெடுத்ததால் வேலையை விட்டிருந்தார். அவர் இருந்த கொட்டாஞ்சேனையிலும் நெட் கடை உண்டு. ஆனால் அங்கே எல்லோருக்கும் தன்னைத் தெரியும் என்று, இரண்டு பஸ் மாறி எங்களிடம் வருவார். அவருடைய ஒரே மகனைத் தேடி யாரோ வீட்டுக்கு வந்திருந்தார்கள். மகன் ஒளிந்திருந்து கிழமைக்கு ஒரு ஈமெயில் போடுவான். அத்தான் பக்கத்தில் இருந்து அதை வாசித்துச் சொல்வார். அத்தானுக்குக் குரலைத் தாழ்த்திக் கதைக்க வராது.

"பிள்ளை, இதை நானே வாசிக்க ஒரு வழி செய்து தருவீரோ?" என்று ஒருநாள் கேட்டார். "என்ட மகன்ட கதை எனக்குள்ள இருக்கட்டும்."

கம்ப்யூட்டரிலேயே எழுத்தைப் பெருப்பிக்கும் வசதி இருந்தது. பிரயோசனமில்லை. எழுத்துப் பெருக்க, வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். அதைத் துரத்திப் பிடித்துத் திரும்பி வருவதற்குள் அடுத்த வரி தொலைந்துபோகும். நல்ல கண் உள்ள எவனோ ஒரு மடையன் செய்த வேலை. மூன்று சனிக்கிழமை அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் புதிதாக ஒன்று எழுதினேன். கறுப்புத் திரை, மஞ்சள் எழுத்து, வரிக்கு மூன்றே சொல். ஒரு கீயைத் தட்டினால் அடுத்தது வரும். பார்வையின் நடுவில் அவருக்கு ஒரு கறை. தலையைச் சரித்து ஓரத்தால்தான் பார்ப்பார். அவர் "காணும், போதும்" என்கிற வரைக்கும் எழுத்தைப் பெருப்பித்தேன்.

முதல் கடிதத்தைச் சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்து வாசித்தார். மகன் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறவன். அப்பா, சுகமாக இருக்கிறேன், சிலாபத்தில் பெரியம்மா வீட்டில் நிற்கிறேன், யோசிக்க வேண்டாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பெடியங்கள் கண்டதையும் பார்க்கிறார்கள் என்று அத்தான் திரைகளை எல்லாம் வாசல் பக்கம் பார்க்க வைத்திருந்தார். டெலிபோனுக்காக ஏழெட்டுப் பேர், வாசித்துக்கொண்டிருந்தவருக்குப் பின்னால் நின்றார்கள். வெளியே காலிக்குப் போகும் வீதியில் பஸ்ஸுக்கு நின்றவனும் அந்த எழுத்தை வாசித்திருப்பான். கண் தெரியாத ஒருவருக்காக அவ்வளவு மண்டையை உடைத்த எனக்குக் கண் தெரிந்தவர்களைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்கத் தோன்றவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை சிலாபத்தில் மகனை ஒரு வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. யார் காட்டிக் கொடுத்தது என்று இன்றுவரை தெரியாது. அந்த ஊர்க்காரன் எவனாவது இருக்கும் என்றார் அத்தான். நான் நம்பவில்லை.

அடுத்த மாதம் அவர் கடைக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், அதில் இருக்காமல் நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அங்கிள், நான்தான் எழுத்தை அவ்வளவு பெரிசா..." என்றேன்.

"உம்மில பிழை இல்ல, பிள்ளை," என்றார். "பின்னுக்கு ஆக்கள் நிண்டது எனக்கும் தெரியும். ஒருக்கா வாசிச்சிட்டு மூடியிருக்கலாம். நானே வாசிக்கிறன் எண்ட சந்தோசத்தில மூண்டு தரம் வாசிச்சனான்."