சீரிஸ் பல்பும் ஒரு கரகரப்பும்

போன வாரம் பெரம்பலூரில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் நின்றிருந்தேன். என் போனில் யார் பேசினாலும் தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல் கேட்கிறது. கடைப்பெண் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "சவுண்டு உடையுது சார், ஸ்பீக்கர மாத்திடலாங்களா?" என்றாள். பக்கத்து மேஜையில் ஈயம் உருகிய புகை மூக்கில் ஏறியது. சத்தத்தை உடைப்பதற்காகவே நான் ஒரு மாதம் பித்துப்பிடித்து அலைந்த காலம் ஒன்று உண்டு.

அப்போது இதே ஊரில் டேப்ரிக்கார்டர் ரிப்பேர் கடையில் வேலை. கரகரப்பை எடுப்பதுதான் பிழைப்பு. ஒருநாள் சிநேகிதன் செல்வம் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து போட்டான். கிதார் உறுமியது. நாடாவைப் படிக்கிற ஹெட்டில் அழுக்கு என்று நினைத்து ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன்.

"ஹெட்டு நல்லாதான் இருக்கு மாப்ள. சத்தமே அதான். அதுதான் எனக்கு வேணும்."

லாண்டரிக்காரரிடம் சட்டையில் கறை போட்டுத் தரச் சொன்னதுபோல் இருந்தது. ஆனால் அவனுக்கு வேறு வழியில்லை. அரியலூரில் ஓர் இசைக்குழுவில் கிதார் வாசித்துக்கொண்டிருந்தான். குழுவை நடத்திய துரைராஜ் அண்ணன் புதுக் கீபோர்டு வாங்கிவிட்டார். அதில் ஒரு பொத்தானை அமுக்கினால் கிதார் சத்தம் வரும். "உனக்கு வேன்ல ஒரு சீட்டு வேணும், பந்தில ஒரு எல வேணும். பொத்தானுக்கு ரெண்டும் வேணாம் பாரு. அடுத்த மாசக் கல்யாணத்தோட நிறுத்திக்குவோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். பொத்தானுக்குள் இல்லாத ஒரு சத்தம் இருந்தால் பிழைப்பான். அதைச் செய்துதர நான் உட்கார்ந்தேன்.

செத்துப்போன ரேடியோவிலிருந்து இரண்டு டிரான்சிஸ்டர், இரண்டு டயோடு. கிதார்க் கம்பியில் எழும் அலையை ஊதிப் பெருக்கி, பிறகு அதன் தலையையும் காலையும் கத்தரித்துவிட வேண்டும், அவ்வளவுதான் வித்தை. கூடு, என் அலுமினிய டிபன் டப்பா. ஈயப் புள்ளிகள் டப்பாவில் படாமலிருக்க உள்ளே கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி ஒட்டினேன். மிதிப்பதற்கு மேஜை விளக்கின் சுவிட்ச். வீட்டு மின்சாரத்தின் பக்கமே போகாமல் ஒன்பது வோல்ட் பேட்டரி. அதை நாக்கில் வைத்தால் சுருக்கென்று புளிக்கும், வேறொன்றும் ஆகாது. ஆனாலும் முதல் தடவை ரப்பர் செருப்புப் போட்டு, மரப்பெஞ்சில் ஏறி நின்றுதான் இணைத்தேன். இது நமக்குள் இருக்கட்டும்.

உதவாக்கரை ஸ்பீக்கர் ஒன்றில் கொசு முனகியது. பெரிய ஆம்ப்ளிபயரில் போட்டால்தான் தெரியும். அது அரியலூரில் மைக்செட் வைத்திருந்த பஷீர் பாயிடம்தான் இருந்தது. அவருக்கு நேரம் கிடைத்ததோ அண்ணன் கெடு வைத்த அந்தக் கல்யாண வரவேற்பு அன்று மதியம். அதே ஆம்ப்ளிபயர் சாயங்காலம் மேடைக்குப் போக வேண்டும்.

"ஆம்ப்பு போச்சுன்னா பொண்ணு வூட்டுக்காரங்க என்னய பந்தக்கால்ல கட்டிப்புடுவாங்க தம்பி. சீரிஸ் பல்பு போட்டுத்தான் பாக்கணும்."

ஆம்ப்ளிபயருக்குக் கரண்டு போகிற வழியில் நூறு வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை மாட்டிவிடுவதுதான் அது. உள்ளே ஷார்ட் இருந்தால் ஆம்ப்ளிபயர் தப்பித்துக்கொள்ளும், பல்பு பளிச்சென்று எரியும். பல்பு பளிச்சிட்டால் பிளக்கைப் பிடுங்கு. எங்கள் தொழிலில் மூளையைக் கேட்காமலே கை செய்கிற காரியம்.

துரைராஜ் அண்ணனும் பாயின் கொட்டகைக்கு வந்து நின்றார். பல்பில் இழை மட்டும் மங்கலாகச் சிவந்திருந்தது. செல்வம் டப்பாவை மிதித்து, எல்லாக் கம்பிகளையும் ஒருசேர இழுத்தான்.

தகரக் கூரை அதிர்ந்தது. பல்பு பளிச்சென்றது. நான் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வாசலில் நின்றேன். "ஷார்ட்டு, எல்லாரும் வெளிய வந்துருங்க" என்று கத்தினேனாம். முதலில் வெளியே வந்தவன் நான்தான்.

பாய் ஸ்டூலைவிட்டு அசையவில்லை. "ஷார்ட்டு இல்ல தம்பி. அவரு வாசிக்கிறாரு. சத்தம் ஏறுனா ஆம்ப்பு கரண்ட இழுக்கும்ல."

மறுபடி மாட்டினேன். செல்வம் ஒரே ஒரு கம்பியைச் சுண்டினான். பல்பு எழுந்தது. சத்தம் நீண்டு, உறுமி, தேய்ந்தது. வெளிச்சமும் கூடவே தணிந்தது. மறுபடி சுண்டினான். ஆபத்து என்று மட்டுமே எனக்குத் தெரிந்திருந்த அந்த வெளிச்சம் மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கியது. சத்தத்தைக் கண்ணால் பார்த்தேன். முந்தின மாதம்வரை நான் தயிர்சோறு தின்ற டப்பா.

அண்ணன் செல்வத்தைப் பார்த்துக் கேட்டார். "இது நம்ம கீபோர்டுல வருமா?"

"வராதுண்ணே."

"ஆறு மணிக்கு வேன். வந்துரு. அந்தப் பயந்தாங்கொள்ளியயும் கூட்டியா, டப்பா மக்கர் பண்ணுனா பாக்கணும்ல."

அன்று செல்வம் மேடையில் அதை மிதித்தபோது, பிளக்கிலிருந்து பத்தடி தள்ளி, இரு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றேன். பந்தியில் எல்லாக் கைகளும் இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றன. ஒருவர் எழுந்துபோய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

இரண்டு வருஷம் செல்வத்துக்கு வேனில் சீட்டு இருந்தது. பிறகு அந்த உறுமலையும் பொத்தானுக்குள் வைத்த கீபோர்டு வந்தது. அவன் இப்போது ஆண்டிமடத்தில் முந்திரி வியாபாரம். பாய் இல்லை, குழுவும் இல்லை. கல்யாணங்களில் அந்தச் சத்தம் மட்டும் வருகிறது, முன்பைவிடப் பெரிதாகவே. யாரும் நிமிர்வதில்லை. ரசம் வேண்டியவர் குரலைக் கொஞ்சம் உயர்த்தி ரசம் கேட்கிறார்.